பொத்தானால் உயரம் அளந்த புகைப்படக்காரர்

லூயிஸ் ஹைன் (1874 - 1940)

குட்டீஸ்! புகைப்படம் எதற்காக எடுக்கிறோம்? பிறந்தநாள், சுற்றுலா, பள்ளி ஆண்டு விழா என்று மகிழ்ச்சியான நேரங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள எடுக்கிறோம். மலை, அருவி, வானவில் என்று அழகான காட்சியைப் பார்த்தால் உடனே எடுக்கிறோம்.

ஆனால், யாருமே பார்க்க விரும்பாத காட்சிகளைத் தேடித் தேடிப் படம் எடுத்தவர் ஒருவர் இருந்தார். அவற்றை மறைத்து வைக்கப் பலர் முயன்றார்கள். கேமராவோடு வந்தால் அடிப்போம் என்று மிரட்டினார்கள். அவர் பயப்படவில்லை. விதவிதமான வேடம் போட்டு உள்ளே போய்ப் படம் எடுத்தார். ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றுவதற்கு அந்தப் படங்கள் உதவின!

அவர் பெயர் லூயிஸ் விக்ஸ் ஹைன். அவர் அதிகமாகப் படம் எடுத்தது யாரைத் தெரியுமா? உங்கள் வயதுப் பிள்ளைகளைத்தான்!

பதிமூன்று மணி நேர வேலை

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1874-ம் ஆண்டு செப்டம்பர் 26-ம் தேதி லூயிஸ் பிறந்தார். படிப்பில் ஆர்வமுள்ள பையன். படம் வரையவும் பிடிக்கும்.

1892-ம் ஆண்டு அவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். அதே ஆண்டில் அவருடைய அப்பா ஒரு விபத்தில் இறந்து போனார். குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்பு 18 வயது லூயிஸின் தலையில் விழுந்தது.

நாற்காலி, சோபாக்களுக்கு மெத்தை வைத்துத் தைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வேலை. வாரத்தில் ஆறு நாள். அவ்வளவு உழைத்தும் வாரச் சம்பளம் வெறும் 4 டாலர்தான். கொஞ்ச நாளில் அந்தத் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். அதன் பிறகு விறகு வெட்டினார். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தார். தண்ணீர் வடிகட்டி விற்றார். ஒரு வங்கியில் கூட்டிப் பெருக்கும் வேலையும் பார்த்தார்.

பகலில் வேலை, மாலையில் படிப்பு என்று நாட்கள் ஓடின. அலுத்துப்போய் உட்கார்ந்துவிடவில்லை. அந்த ஊரில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பிராங்க் மானி என்ற பேராசிரியர் இருந்தார். இந்த இளைஞரிடம் ஏதோ இருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஆசிரியர் வேலைக்குப் படிக்கும்படி ஊக்கப்படுத்தினார். ஹைன் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தார்.

1901-ம் ஆண்டு மானி நியூயார்க் நகரில் உள்ள எத்திகல் கல்ச்சர் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஹைனையும் அங்கே அழைத்துக்கொண்டார். அந்தப் பள்ளி முதன்முதலில் 1878-ல் ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக இலவசமாகத் தொடங்கப்பட்ட பள்ளி. அங்கே ஹைன் இயற்கைப் பாடமும் புவியியலும் நடத்தினார்.

ஆசிரியர் கையில் கேமரா

ஒருநாள் மானி அவர் கையில் ஒரு கேமராவைக் கொடுத்தார். பள்ளியில் நடக்கும் நிகழ்ச்சிகளைப் படம் எடுக்க வேண்டும், பாடம் நடத்தவும் படங்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய யோசனை.

ஹைனுக்குக் கேமராவைப் பற்றி அப்போது ஒன்றுமே தெரியாது. வயதோ 30-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் தயங்காமல் தானே முயன்று கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதோடு நிறுத்தாமல் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பள்ளியில் புகைப்பட வகுப்பு தொடங்கினார். அந்த வகுப்பில் பால் ஸ்ட்ராண்ட் என்று ஒரு மாணவர் இருந்தார். பிற்காலத்தில் அவர் உலகப் புகழ் பெற்ற புகைப்படக் கலைஞர் ஆனார்!

கப்பலில் வந்தவர்கள்

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கான ஏழை மக்கள் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தார்கள். நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்ற சின்னத் தீவு இருக்கிறது. வந்தவர்களை அங்கே நிறுத்திப் பரிசோதித்துவிட்டுத்தான் நாட்டுக்குள் விடுவார்கள். 1907-ம் ஆண்டில் மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அந்தத் தீவு வழியாக வந்தார்கள்.

வேறு மொழி பேசிய, கந்தல் உடை உடுத்திய அந்த மக்களை, ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்தவர்களில் பலர் வெறுப்போடு பார்த்தார்கள். தன் மாணவர்களும் அப்படிப் பார்க்கக் கூடாது என்று ஹைன் நினைத்தார். 1904-ல் கேமராவைத் தூக்கிக்கொண்டு எல்லிஸ் தீவுக்குப் போனார்.

படம் எடுப்பது இப்போது போல விளையாட்டு வேலை இல்லை. அவருடைய கேமரா மரத்தால் ஆன பெரிய பெட்டி. அதை மூன்று கால் ஸ்டாண்டின் மேல் நிறுத்த வேண்டும். பிலிம் சுருளுக்குப் பதில் கண்ணாடித் தகடு. அதன் அளவு 5 அங்குலத்துக்கு 7 அங்குலம். ஒரு தகட்டில் ஒரே படம்தான் எடுக்கலாம். அடுத்த படத்துக்கு அடுத்த தகட்டை மாட்ட வேண்டும்.

உள்ளே வெளிச்சம் போதாது. மின்சார பிளாஷ் அப்போது கிடையாது. ஒரு தட்டில் மெக்னீசியம் கலந்த பொடியைக் கொட்டி, அதைக் கையில் தூக்கிப் பிடித்துப் பற்ற வைக்க வேண்டும். மின்னல் வெட்டியது போலக் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்! அடுத்த நொடி ஒரே புகை மண்டலம்! கொஞ்சம் தவறினாலும் கையும் முகமும் சுட்டுவிடும்.

வந்தவர்களின் மொழி ஹைனுக்குத் தெரியாது. அவர் மொழி அவர்களுக்குத் தெரியாது. கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். சைகை காட்டி, சிரித்து, நம்பிக்கை உண்டாக்கி ஓர் இடத்தில் நிற்க வைப்பார். கேமராவைத் தயார் செய்து, தகட்டை மாட்டி, பொடியைக் கொளுத்துவார். அவ்வளவுதான், எல்லோரும் மிரண்டு போய்க் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒருவருக்கு ஒரே ஒரு வாய்ப்புதான்!

அப்படியும் அருமையான படங்கள் கிடைத்தன. குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய், மூட்டையை முதுகில் சுமக்கும் ஆள், தொலைந்த பெட்டியைத் தேடும் குடும்பம்... அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு, இவர்களும் நம்மைப் போன்றவர்கள்தானே என்று தோன்றியது. ஒரு படத்தால் மனிதர்களின் மனதை மாற்ற முடியும் என்று ஹைன் புரிந்துகொண்டது அங்கேதான்.

பள்ளிக்குப் போகாத பிள்ளைகள்

அந்த நாளில் அமெரிக்காவில் தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டே போயின. வேலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பெரியவர்களை வைத்தால் கூடுதல் சம்பளம் தர வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் கொஞ்சம் காசு கொடுத்தால் போதும். சம்பளம் கேட்டுச் சண்டை போட மாட்டார்கள். அவர்களின் சின்ன விரல்கள் இயந்திரத்தின் இடுக்குகளிலும் நுழையும். இப்படிக் கணக்குப் போட்ட முதலாளிகள் பிள்ளைகளை வேலைக்கு வைத்தார்கள். வீட்டில் வறுமை. பெற்றோரின் சம்பளம் சாப்பாட்டுக்கே போதாது. அதனால் பிள்ளைகளும் வேலைக்குப் போனார்கள்.

1900-ம் ஆண்டு எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி 10 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளில் சுமார் 17 லட்சத்து 50 ஆயிரம் பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இந்தக் கணக்கிலேயே சேரவில்லை!

இந்தக் கொடுமையை ஒழிக்க 1904-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அவர்கள் அறிக்கைகள் எழுதினார்கள். கூட்டங்களில் பேசினார்கள். ஆனால், பிள்ளைகள் ஜாலியாகத்தான் வேலை செய்கிறார்கள், உழைப்பு அவர்களுக்கு நல்லது என்று முதலாளிகள் பதில் சொன்னார்கள். எது உண்மை என்று மக்களுக்குத் தெரியவில்லை. தொழிற்சாலைச் சுவருக்கு உள்ளே நடப்பதை யார்தான் பார்த்தார்கள்?

பார்க்க வைக்க ஒருவர் தேவைப்பட்டார். ஹைன் அந்தக் குழுவுக்காக அவ்வப்போது படம் எடுத்துக் கொடுத்தார். 1908-ல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக அந்தப் பணியில் இறங்கினார். ஒரு வகுப்பறையை விட்டு வெளியே வந்தார். ஆனால் பாடம் நடத்துவதை அவர் நிறுத்தவில்லை. இப்போது அவருக்கு நாடு முழுவதும் வகுப்பறை ஆனது!

மாறுவேடம்

பிள்ளைகள் வேலை செய்யும் இடத்துக்குள் கேமராக்காரரை யார் விடுவார்கள்? வாசலிலேயே விரட்டினார்கள். சில இடங்களில் மேஸ்திரிகளும் காவலாளிகளும் அடிக்கவே வந்தார்கள்.

ஹைன் யோசித்தார். ஓர் ஊரில் பைபிள் விற்பவராகப் போனார். இன்னோர் ஊரில் தபால் அட்டை விற்பவர். வேறோர் இடத்தில் தீ விபத்துப் பாதுகாப்பைச் சோதிக்க வந்த அதிகாரி. சில ஆலைகளில், உங்கள் புதிய இயந்திரங்களைப் படம் எடுக்க வந்திருக்கிறேன் என்பார். முதலாளிக்குப் பெருமை தாங்காது. உடனே உள்ளே விடுவார். இயந்திரம் எவ்வளவு பெரியது என்று தெரிவதற்கு அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள் என்பார் ஹைன். அவருக்கு வேண்டியது அந்தப் பிள்ளையின் படம்தான்!

படம் மட்டும் இருந்தால் போதுமா? பிள்ளையின் வயது என்ன, உயரம் என்ன, எத்தனை மணி நேர வேலை, சம்பளம் எவ்வளவு என்ற விவரங்களும் வேண்டும். ஆனால் எல்லோர் முன்னாலும் நோட்டை எடுத்து எழுதினால் மாட்டிக்கொள்வார். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்.

அவருடைய கோட்டில் மேலிருந்து கீழ்வரை பொத்தான்கள் உண்டு. ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டார். பிள்ளையோடு பேசியபடியே பக்கத்தில் நிற்பார். அதன் தலை எந்தப் பொத்தானுக்கு நேராக வருகிறது என்று பார்ப்பார். உயரம் தெரிந்துவிடும்! பாக்கெட்டுக்குள் கையை விட்டு, அங்கே ஒளித்து வைத்திருந்த தாளில் பார்க்காமலே கிறுக்கிக்கொள்வார். உயரத்தைப் பார்த்தால் வயது பொய்யா, நிஜமா என்று ஓரளவு தெரிந்துவிடும் அல்லவா?

ஆலைக்குள் விடவே இல்லை என்றால் அதிகாலையில் வந்து கேட்டுக்கு வெளியே காத்திருப்பார். வேலைக்கு வரும் பிள்ளைகளையும், வேலை முடிந்து களைத்துப்போய்த் திரும்பும் பிள்ளைகளையும் அங்கேயே நிறுத்திப் படம் எடுப்பார்.

விவரங்களைக் குறிப்பதில் அவர் இவ்வளவு கவனமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. இவை போலிப் படங்கள் என்று முதலாளிகள் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு விவரம் தப்பாக இருந்தாலும் எல்லாப் படங்களையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள். அதனால் இடம், தேதி எல்லாவற்றையும் ஒவ்வொரு படத்தோடும் எழுதி வைத்தார்.

படத்தில் இருந்த பிள்ளைகள்

1908-ம் ஆண்டு டிசம்பர் மாதம். வட கரோலினா மாநிலத்தில் ஒரு பஞ்சாலை. நீளமான நூற்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். அவள் உயரம் 51 அங்குலம், அதாவது 4 அடி 3 அங்குலம். ஆலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. சில நாள் இரவிலும் வேலை. தினக்கூலி 48 சென்ட், அரை டாலருக்கும் குறைவு. வயது என்ன என்று ஹைன் கேட்டார். அவள் தயங்கினாள். ஞாபகமில்லை என்றாள். பிறகு, வேலை செய்கிற வயது தனக்கு இன்னும் ஆகவில்லை, ஆனாலும் செய்கிறேன் என்று ரகசியமாகச் சொன்னாள்.

1909-ம் ஆண்டு ஜனவரி. ஜார்ஜியா மாநிலத்தில் இன்னொரு பஞ்சாலை. அங்கே இருந்த சில சிறுவர்களுக்கு இயந்திரத்தின் மேல்பகுதி எட்டவே இல்லை. அறுந்த நூலை முடியவும், காலியான பாபின்களை மாற்றவும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மேலேயே ஏறி நின்றார்கள். ஒருவனுக்குக் காலில் செருப்புகூட இல்லை.

1911-ம் ஆண்டு ஜனவரி. பென்சில்வேனியா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கம். சரிவான தொட்டிகளில் நிலக்கரி உருண்டு வரும். மேலே பலகையில் வரிசையாகக் குனிந்து உட்கார்ந்திருக்கும் சிறுவர்கள் அதில் கலந்திருக்கும் கற்களை வெறும் கையால் பொறுக்க வேண்டும். நாள் முழுக்க அதே வேலை. கரித்தூள் மூச்சிலும் நுரையீரலிலும் போய்விடும். கொஞ்சம் கவனம் தப்பினால் விரல் நசுங்கும், சரிந்து உள்ளே விழுந்தாலும் விழலாம். தூங்கி வழியும் பையனைக் குத்தி எழுப்புவதற்குக் கம்போடு ஓர் ஆள் பின்னால் நின்றுகொண்டிருப்பான்.

இன்னும் எத்தனையோ படங்கள்! இந்தியானா மாநிலத்தில் நள்ளிரவில் கண்ணாடித் தொழிற்சாலையில் நிற்கும் சிறுவர்கள். மெய்ன் மாநிலத்தில் மீன் வெட்டும் கத்தியால் விரலை அறுத்துக்கொண்ட பிள்ளைகள். கடற்கரை ஊர்களில் சிப்பி உடைக்கும் ஐந்தாறு வயதுக் குழந்தைகள். தெருவில் பேப்பர் விற்றுவிட்டுப் படிக்கட்டிலேயே தூங்கிப்போன பையன்கள். பருத்தி பறிக்கும் கோணிப்பை தன்னைவிட நீளமாக இருக்க, அதை இழுத்துக்கொண்டு போகும் சிறுமி.

கண்ணுக்கு நேர்

ஹைன் எடுத்த படங்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் பொதுவாக நின்றபடியே குழந்தைகளைப் படம் எடுப்பார்கள். மேலிருந்து கீழே பார்ப்பது போல இருக்கும். ஹைன் கேமராவைக் குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்கி வைப்பார். அதனால் படத்தைப் பார்க்கிறவர்களின் கண்ணுக்கு நேராக அந்தக் குழந்தை பார்க்கும். பெரிய இயந்திரங்கள் பின்னால் நீண்டுகொண்டே போகும். நடுவில் அந்தச் சின்ன முகம் மட்டும் தெளிவாகத் தெரியும்.

அழு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பரிதாபமாக நில் என்றும் சொல்லவில்லை. சில பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கிறார்கள். சிலர் பெருமையாகக்கூடப் பார்க்கிறார்கள். அவர்களைக் கேவலப்படுத்தாமல், அவர்களுக்கு நடக்கும் அநியாயத்தை மட்டும் அவர் காட்டினார். அதுதான் அவருடைய கலை.

படங்கள் செய்த வேலை

எடுத்த படங்களை அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. பத்திரிகைகளில் புகைப்படங்களை அச்சடிக்கும் வசதி அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. ஹைனின் படங்கள் பத்திரிகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் வந்தன. கண்காட்சிகளுக்குப் பெரிய பெரிய போஸ்டர்களை அவரே தயார் செய்தார். கூட்டங்களில் விளக்கொளி வைத்துத் திரையில் படம் காட்டி விளக்கினார்.

ஆயிரம் பக்க அறிக்கையைப் படிக்காதவர்கள்கூட அந்தப் படங்களைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். தங்கள் சட்டைக்கு நூல் நூற்றது யார், தங்கள் வீட்டு அடுப்புக்குக் கரி பொறுக்கியது யார் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டங்களைக் கடுமையாக்கின. 1912-ல் அமெரிக்க அரசு குழந்தைகள் நலனுக்காகவே தனித்துறை ஒன்றைத் தொடங்கியது. 1916-ல் நாடு முழுவதற்குமான குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வைத்துத் தொழிற்சாலைகளில் செய்த பொருளை வேறு மாநிலத்துக்கு அனுப்பி விற்கக் கூடாது என்றது அந்தச் சட்டம்.

வெற்றி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், 1918-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1919-ல் வேறு மாதிரி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1922-ல் அதுவும் செல்லாது என்று ஆகிவிட்டது! இப்படி ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால் என்று போராட்டம் நீண்டது.

கடைசியில் 1938-ம் ஆண்டு ஜூன் 25-ம் தேதி அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் புதிய தொழிலாளர் சட்டத்தில் கையெழுத்திட்டார். 16 வயதுக்குக் குறைந்தவர்களைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் வேலைக்கு வைக்க அது தடை போட்டது. ஆபத்தான வேலைகளுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

ஹைன் தனி ஆளாக இதைச் சாதிக்கவில்லை. எழுதியவர்கள், பேசியவர்கள், ஊர்வலம் போனவர்கள், தொழிற்சங்கத்தினர் என்று ஏராளமானோர் பாடுபட்டார்கள். அவர்கள் எல்லோர் கையிலும் இருந்த சாட்சி ஹைனின் படங்கள்!

மேகத்துக்குப் பக்கத்தில்

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918-ல் ஹைன் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஐரோப்பா சென்றார். வீடிழந்து தவித்த மக்களைப் படம் எடுத்தார்.

திரும்பி வந்ததும் அவருக்கு ஒரு புதிய எண்ணம் வந்தது. இவ்வளவு நாள் உழைப்பின் கொடுமையைக் காட்டினோம், இனி உழைப்பவர்களின் பெருமையையும் காட்ட வேண்டும் என்று நினைத்தார். இயந்திரங்களைக் கண்டு எல்லோரும் வியக்கிறார்கள். அவற்றைச் செய்கிற, ஓட்டுகிற மனிதர்களை யார் பார்க்கிறார்கள்? அதனால் தொழிலாளர்களைத் தேடிப் போனார். பெரிய ஸ்பேனரை வைத்து நீராவிப் பம்பின் போல்ட்டை முடுக்கும் மெக்கானிக்கை 1920-ல் எடுத்த படம் மிகவும் புகழ் பெற்றது.

1930-ல் நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. 102 மாடி! அப்போது உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். கட்டட வேலையைப் படம் எடுக்க ஹைனை அழைத்தார்கள். அவருக்கு வயது 56 நெருங்கிவிட்டது. ஆனாலும் தொழிலாளர்களோடு மாடி மாடியாக ஏறினார். குறுகலான இரும்பு உத்திரங்களின் மேல் நின்று படம் எடுத்தார். உச்சிக்குப் போனபோது, கிரேனில் ஒரு கூடையைக் கட்டி, அதில் தன்னை உட்கார வைத்து வெளியே தொங்கவிடச் சொன்னார். கீழே சுமார் ஆயிரம் அடியில் தெரு எறும்பு ஊர்வது போலத் தெரியும்! அந்தக் கூடையில் தொங்கியபடி படம் எடுத்தார்.

அந்தப் படங்களையும் வேறு தொழிலாளர் படங்களையும் சேர்த்து 1932-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். யாருக்காகத் தெரியுமா? சிறுவர் சிறுமியருக்காக!

கடைசி நாட்கள்

ஊருக்கு இவ்வளவு செய்த ஹைனின் கடைசிக் காலம் கஷ்டமாகத்தான் இருந்தது. 1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி. வேலை கிடைப்பது குறைந்தது. கிராமப்புற ஏழைகளைப் படம் எடுக்க அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதில் சேர ஹைன் விரும்பினார். இடம் கிடைக்கவில்லை. அவர் பாணி பழையதாகிவிட்டது என்று பலர் நினைத்தார்கள்.

1938-ல் பெரனிஸ் அபாட் என்ற புகைப்படக் கலைஞரும், எலிசபெத் மக்காஸ்லாண்ட் என்ற கலை விமர்சகரும் அவரைத் தேடி வந்தார்கள். அவர்கள் முயற்சியால் 1939-ல் நியூயார்க்கில் அவருடைய படங்களின் கண்காட்சி நடந்தது. பலர் பாராட்டினார்கள். ஆனால் பாராட்டு பசியைத் தீர்க்கவில்லை. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அவர் மனைவி சாரா இறந்தார். கடன் கட்ட முடியாததால் வீடும் கையை விட்டுப் போனது. 1940-ம் ஆண்டு நவம்பர் 3-ம் தேதி, தன் 66-வது வயதில் லூயிஸ் ஹைன் காலமானார்.

1938-ம் ஆண்டுச் சட்டத்தையும் எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார்கள். பழையபடி செல்லாது என்று ஆகிவிடுமோ என்ற பயம் இருந்தது. 1941-ம் ஆண்டு பிப்ரவரி 3-ம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1918-ல் சொன்ன தீர்ப்பையும் ரத்து செய்தது. ஹைன் இறந்து அன்றைக்குச் சரியாக மூன்று மாதம்! அந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை.

அவருடைய படங்களை வைத்துக்கொள்ள முதலில் சில இடங்களில் மறுத்தார்கள். இன்று அவை பொக்கிஷங்கள். குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக அவர் எடுத்த படங்களில் 5,000-க்கும் மேற்பட்டவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

பாக்கெட்டுக்குள் கிறுக்கிய அந்தக் குறிப்புகளும் வீண் போகவில்லை. அவற்றை வைத்து, படத்தில் இருக்கும் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று 2000-க்குப் பிறகு ஆய்வாளர்கள் தேடினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கண்டுபிடித்தார்கள். தன் பாட்டியின் சிறுவயதுப் படத்தை முதன்முதலாகப் பார்த்த பேரன் பேத்திகள் உண்டு!

குழந்தைத் தொழிலாளர் கொடுமை உலகத்தில் இன்னும் முழுசாக ஒழியவில்லை. 2024-ம் ஆண்டில் சுமார் 13 கோடியே 80 லட்சம் குழந்தைகள் வேலை செய்துகொண்டிருந்ததாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. ஜூன் 12-ம் தேதியை குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளாக உலகமே கடைப்பிடிக்கிறது.

குட்டீஸ், அழகான பூவைப் படம் எடுங்கள். பிறந்தநாள் கேக்கையும் எடுங்கள். கூடவே, உங்களைச் சுற்றி யாருடைய கண்ணுக்கும் படாமல் இருப்பவர்களையும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கேமரா இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி!

துளிகள்

* ஹைன் எடுத்த படங்களில் ஒன்று, 1910-ல் வெர்மான்ட் மாநிலப் பஞ்சாலையில் நின்ற 12 வயதுச் சிறுமியின் படம். 1998-ல் அமெரிக்க அரசு அதை அஞ்சல் தலையாக வெளியிட்டது. அந்தச் சிறுமி 90 வயதைத் தாண்டி வாழ்ந்து 1993-ல் இறந்தார். தன் முகம் அஞ்சல் தலையில் வரப்போவது அவருக்குத் தெரியாது!

* எல்லிஸ் தீவு 1892 முதல் 1954 வரை குடியேறிகளின் நுழைவாயிலாக இருந்தது. அந்தக் காலத்தில் 1 கோடியே 20 லட்சம் பேர் அதன் வழியாக வந்தார்கள். இப்போது அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது.

* உயரத்தில் இரும்பு உத்திரத்தில் வரிசையாக உட்கார்ந்து தொழிலாளர்கள் மதிய உணவு சாப்பிடும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை ஹைன் எடுத்த படம் என்று பலர் தவறாகச் சொல்வதுண்டு. அது 1932-ல் நியூயார்க்கில் ராக்பெல்லர் மையம் கட்டும்போது வேறொருவர் எடுத்தது.

* எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வேலை 1930 மார்ச் மாதம் தொடங்கி, 1931 மே 1-ம் தேதி திறப்பு விழாவே நடந்துவிட்டது. ஒன்றேகால் வருடத்துக்குள் 102 மாடி!